நாலாம் நம்பர் சீட்டு

"அதை முதல்ல தூக்கித் தூரப் போடுங்க."

அவன் அவளிடம் பேசிய முதல் வார்த்தையே அதுதான். நீங்க யாரு என்ற விசாரணை இல்லை, என்ன மழை பாருங்க என்ற பீடிகை இல்லை... எடுத்த எடுப்பில் ஒரு கட்டளை.

அவள் அப்போதுதான் மூச்சிரைக்க ஓடி வந்து, விஸ்கி வடிசாலையின் வாசல் கூரைக்கு அடியில் நின்றிருந்தாள். குடை இல்லை. வீட்டிலிருந்து கிளம்பும்போது கைக்குக் கிடைத்த அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்துத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு வந்திருந்தாள். அது இப்போது நனைந்து ஊறி, நடுவில் மடிந்து, இரண்டு கைகளிலும் தொங்கிக்கொண்டிருந்தது.

"எதைச் சொல்றீங்க?"

"அந்த அட்டையைத்தான். பத்து மணிக்கு உள்ள பேனல் இருக்கு. நனைஞ்ச அட்டை வாசனை மூக்குல ஏறுச்சுன்னா அரை நாளைக்கு இறங்காது. அப்புறம் நான் அஞ்சு கிளாஸையும் முகர்ந்து என்னத்தைக் கண்டுபிடிக்கிறது?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். உயரமான ஆள். சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டியிருந்தான், கையெல்லாம் சின்னச் சின்னத் தீக்காயத் தழும்பு. கண்கள் மட்டும் முகத்துக்குச் சம்பந்தமே இல்லாமல்... தேன் நிறத்தில். ஒன்பது வருடம் பீப்பாயில் கிடந்த மால்ட் விஸ்கியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் வரும் அதே நிறம். இப்போது இந்த ஆராய்ச்சி ரொம்ப முக்கியம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

"அவ்வளவு கஷ்டமா இருந்தா உங்க மூக்கை வீட்டுல கழட்டி வெச்சுட்டு வந்திருக்கலாமே."

"மூக்குக்குத்தாங்க இங்க சம்பளம். மத்ததெல்லாம் இலவச இணைப்பு."

சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அட்டையை நாலாக மடித்து, குப்பைத் தொட்டிக்குள் குத்திவிட்டு, மழையிலேயே இறங்கி ஆய்வுக்கூடத்தை நோக்கி நடந்தாள்.

"ஏங்க... மழை விடட்டுமே..."

அவள் திரும்பவில்லை.

கோபம் அவன் சொன்னதற்கு மட்டும் இல்லை. அவளுடைய அப்பா பழைய பேப்பர் கடைக்காரர். பேப்பர், அட்டைப்பெட்டி, காலி பாட்டில் எல்லாம் வாங்கிக் கட்டி அனுப்புகிறவர். கடைக்குப் பின்னால் ஒரே அறை, அதுதான் வீடு. அட்டைக் கட்டுகளின் மேல் உட்கார்ந்துதான் அவள் பன்னிரண்டு வருடம் படித்தாள். ஒன்பதாவது வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்த பெண் ஒருத்தி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். டீச்சர் அந்தப் பெண்ணை ஒன்றும் சொல்லவில்லை. இவளைத்தான் ஜன்னலோரம் மாற்றி உட்கார வைத்தார். அன்றைக்கு வீட்டுக்குப் போய்த் தோல் சிவக்கச் சிவக்கத் தேய்த்துக் குளித்தாள்.

குடும்பத்திலேயே முதல் பட்டதாரி. வேதியியல். இந்த வடிசாலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்தபோது, முதல் நாள் கொடுத்த விதிமுறைத் தாளைப் படித்து அவள் ரகசியமாக மகிழ்ந்துபோனாள். வாசனை சோப்பு கூடாது, சென்ட் கூடாது, தலைக்கு வாசனை எண்ணெய் கூடாது. யார் மேலும் எந்த வாசனையும் இருக்கக் கூடாது என்று சட்டம் போட்ட ஓர் இடம் இந்த உலகத்தில் இருக்கிறது, அங்கே அவளுக்கு ஒரு நாற்காலியும் இருக்கிறது. இதைவிட வேறு என்ன வேண்டும்?

அந்த இடத்துக்குள் நுழையும் வாசலிலேயே ஒருத்தன் மூக்கைச் சுளிக்கிறான்.

*

பேனல் என்பது வேறொன்றும் இல்லை. பத்துப் பேர், பத்துத் தடுப்புகள். ஒவ்வொரு தடுப்பிலும் ஒரு மேஜை, துப்புவதற்கு ஒரு கிண்ணம், உப்பில்லாத பிஸ்கட், தண்ணீர். எதிரே சுவரில் ஒரு சின்ன மரக்கதவு. கதவுக்கு அந்தப் பக்கம் ஆய்வுக்கூடம். கதவு ஒரு சாண் மட்டும் மேலே போகும், தட்டு உள்ளே வரும், கதவு மூடும். முகம் தெரியக் கூடாது. யார் என்ன நினைக்கிறார்கள் என்பது யாருக்கும் தெரியக் கூடாது. கிளாஸ்கூட அடர் நீலத்தில்தான் இருக்கும், நிறத்தைப் பார்த்து மனசு ஏமாறாமல் இருக்க.

இன்றைக்கு ஐந்து கிளாஸ். ஐந்தும் இதே வடிசாலையின் மால்ட். ஒரே வாற்கோதுமை, ஒரே தண்ணீர், ஒரே செம்புக் கொதிகலன், ஒரே வாரம் நிரப்பியது. ஒன்பது வருடம் வெவ்வேறு பீப்பாய்களில் தூங்கியதுதான் வித்தியாசம். கூடப் பிறந்தவர்களை ஆளுக்கொரு வீட்டில் விட்டு வளர்த்தது மாதிரி. அதில் ஒரு பீப்பாயைத் தேர்ந்தெடுத்து, வேறெதோடும் கலக்காமல் இந்த வருடச் சிறப்பு பாட்டிலாகப் போடுவார்கள். எந்த எண்ணுக்குப் பின்னால் எந்தப் பீப்பாய் என்பது மேடத்தின் மேஜைக்குள் பூட்டிக் கிடந்தது.

மேடம்தான் தலைமைக் கலவையாளர். தொழிற்சாலை முழுக்க 'பெரிய மூக்கு' என்றுதான் பேர். உண்மையில் அவருக்கு மிகச் சின்ன மூக்கு. அவர் அவளிடம் முந்தின நாள், வியாழக்கிழமை காலையில் சொல்லியிருந்தார்: "இந்தத் தேர்வு முழுக்க உன் பொறுப்பு. திங்கட்கிழமை பத்து மணிக்கு நீதான் எல்லார் முன்னாடியும் சொல்லணும். அது முடிஞ்சதும் உன் வேலை நிரந்தரம் பத்திப் பேசலாம்."

அப்பா அதற்குள் தெரு முழுக்கச் சொல்லி முடித்திருந்தார்.

அவள்தான் முதலில் ருசித்தாள். நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு, மேல்மூடியை எடுத்து, மூக்கை வைத்தாள்.

231. வெண்ணெய் பிஸ்கட்... பின்னால் எலுமிச்சைத் தோல். நல்ல பிள்ளை, ஆனால் சாது.

608. உலர்ந்த திராட்சை, அத்திப்பழம்... கொஞ்சம் அலட்டல்.

352. புது மரம், மிளகு. நாக்கில் சண்டைக்கு வந்தது.

779. தேன், தேன், மறுபடியும் தேன். அவ்வளவுதான்.

417...

மூடியைத் திறந்ததும் அவளுடைய தோள்கள் தாமாகவே தளர்ந்தன. இது என்ன... எங்கேயோ தெரிந்த ஆள் தோளில் கை போட்டது மாதிரி. ஆரஞ்சுத் தோல் இருந்தது, வறுத்த பருப்பு இருந்தது, அதற்கெல்லாம் அடியில் இன்னொன்று. பெயர் வரவில்லை. மறுபடி முகர்ந்தாள். மறுபடியும்... பிடித்திருந்தது. காரணம் தெரியாமல் ஒன்று இவ்வளவு பிடிக்குமா?

பட்டியலில் தேடினாள். பட்டியலில் அறுபது வாசனைகள், ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட ஒரு குப்பி. சுருட்டுப் பெட்டி, தோல் நாற்காலி, பாதாம் கேக்... சுருட்டுப் பெட்டியை அவள் கண்ணாலும் கண்டதில்லை. பன்னிரண்டாம் குப்பி என்றால் சுருட்டுப் பெட்டி, அவ்வளவுதான். இங்கே இருக்கிற பாதிப் பேர் இந்த வாசனைகளோடு வளர்ந்தவர்கள். அவள் தேர்வுக்குப் படிக்கிற மாதிரி மனப்பாடம் செய்தவள். 417-க்கு எது கிட்டத்தில் வரும்? 'பழைய நூலகம்' என்று எழுதினாள். பத்துக்கு ஒன்பது போட்டாள்.

பிறகு பேனல். தட்டுகள் போயின, சீட்டுகள் வந்தன. அவளுடைய கையில் இரண்டு முத்திரைகள். நீலம், செல்லும். சிவப்பு, செல்லாது. கட்டம் நிரப்பாமல் விட்டாலோ, பட்டியலில் இல்லாத வார்த்தையில் குறை சொன்னாலோ சிவப்பு குத்தலாம். குத்தாமல் கூப்பிட்டுக் கேட்கவும் செய்யலாம். அது அவள் இஷ்டம்.

நான்காம் தடுப்பின் கதவடியில் சீட்டை நீட்டிய கையில் சின்னச் சின்னத் தீக்காயத் தழும்புகள்.

ஓ... அவனா?

சாய்ந்த எழுத்து. முதல் நாலும் ஒழுங்காக எழுதியிருந்தான். 417-க்கு எதிரே இரண்டே வரி.

'நனைஞ்ச அட்டை. வேண்டாம்.'

அவளுக்குக் காது மடல் சூடானது. கதவுக்கு இந்தப் பக்கம் இருப்பது யார் என்று அவனுக்குத் தெரியும். மழையில் ஆய்வுக்கூடத்துக்குள் போனதைப் பார்த்தானே. தேர்வுச் சீட்டிலேயே எழுதிக் கிண்டல் செய்கிறான். ஒன்பதாம் வகுப்புக் கைக்குட்டை கதவு வழியாக நீண்டு வந்தது மாதிரி இருந்தது.

சிவப்பு முத்திரையை எடுத்து ஓங்கிக் குத்தினாள். செல்லாது.

மிச்சம் ஒன்பது சீட்டுகள். இரண்டு பேர் 417-ல் ஏதோ மந்தமாக இருப்பதாக முணுமுணுத்திருந்தார்கள். மற்றவர்கள் அள்ளிப் போட்டிருந்தார்கள். மயிரிழையில் 417 முதலிடம்.

*

நாலு மணிக்கு அவன், இடுப்பில் பீப்பாய்ப் பட்டறைச் சுத்தியலோடு, ஆய்வுக்கூடத்தின் அரைக்கதவில் வந்து சாய்ந்தான்.

"கெமிஸ்ட் மேடம்... பலகையில 'செல்லும் சீட்டு ஒன்பது'ன்னு போட்டிருக்கு. உள்ள பத்துப் பேர் உக்காந்தோம். ஒருத்தனைக் காணோமே, போலீஸ்ல சொல்லணுமா?"

"கிண்டல் சீட்டை நாங்க எண்றதில்ல."

"கிண்டலா? எதுங்க கிண்டல்?"

"நனைஞ்ச அட்டைன்னா பட்டியல்ல இல்ல. அது காலையில என் கையில இருந்துச்சு."

அவனுடைய தேன் கண்களில் சிரிப்பு இறங்கி, வேறேதோ ஏறியது.

"காலையில சொன்னது அட்டையை. சீட்டுல எழுதினது கிளாஸை. ரெண்டுக்கும் நடுவுல நீங்க எங்க வர்றீங்க?"

அவள் சீட்டுக் கட்டை நேராக்கி அடுக்கினாள். இறங்கி வர மனசில்லை.

"சரி, சண்டை வேணாம்" என்றான். "மூணு கிளாஸ் எடுங்க. ரெண்டுல 231, ஒண்ணுல 417. இல்ல, மாத்தி வெச்சுக்கங்க. நீங்க திரும்பி நில்லுங்க, நான் ஊத்துறேன். எது தனின்னு சொல்லுங்க பாக்கலாம்."

அவளுக்கு வீம்பு. சொன்னாள். நடுவில் இருப்பது. சரி. மறுபடி... இடது. சரி. ஐந்து தடவை வைத்தான், ஐந்து தடவையும் முகர்ந்த மாத்திரத்தில் சொன்னாள். அவன் புருவம் மெல்ல மேலே போனது.

"அடேங்கப்பா... மேடமே இவ்வளவு வேகமாச் சொல்ல மாட்டாங்க. ஒரு தடவைகூட யோசிக்கல நீங்க. சரி, இதுல எது நல்லா இருக்கு?"

"417."

"நிஜமாவா?"

"எத்தனை தடவை சொல்றது?"

"இல்ல... அதுல கெட்டுப்போன வாசனைதாங்க உங்களுக்கு முதல்ல தெரியுது. அதை வெச்சுத்தான் டக்குன்னு பிடிக்கிறீங்க. ஆனா பிடிச்சிருக்குன்னும் சொல்றீங்க. அது எப்படி?" அவன் குரலில் கேலி இல்லை. ஒரு விடுகதைக்கு முன்னால் நிற்கிற ஆள் மாதிரி நின்றான்.

"உங்க மூக்கு கெட்டுப்போயிருக்கும். போய்ப் பீப்பாய் தட்டுங்க."

அரைக்கதவைச் சாத்தினாள். சாத்திய பிறகும் அந்தக் கேள்வி மட்டும் உள்ளேயே நின்றது... அது எப்படி?

சனிக்கிழமை முழுக்க அது அவளை விடவில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போகும் முன்பு, குப்பிகள் இருக்கிற அலமாரியைத் திறந்தாள். கீழ்த்தட்டில் குறைகள் பெட்டி. கெட்டுப்போன மால்ட்டில் வரும் வாசனைகள், எட்டுக் குப்பிகள். ஐம்பத்தொன்றாம் குப்பியைத் திறந்து முகர்ந்தாள். தோள்கள் தளர்ந்தன.

பயிற்சியிலேயே இது நடந்தது அவளுக்கு நினைவிருந்தது. நல்ல வாசனை ஒன்று குறைகள் பெட்டியில் ஏன் கிடக்கிறது, யாரோ மாற்றி வைத்துவிட்டார்கள் போல என்று அப்போது நினைத்தாள். கேட்கவில்லை. கேட்டால், இதுகூடத் தெரியாதா என்று ஒரு பார்வை வருமே... அந்தப் பார்வைக்குப் பயந்து கேட்காமல் விட்ட கேள்விகள் கல்லூரியிலிருந்தே மூட்டை மூட்டையாக இருக்கின்றன. பட்டியலில் 51-க்கு நேரே 'ஈர நிலவறை' என்று போட்டிருந்தது. நிலவறை எப்படி இருக்கும் என்று அவளுக்கு என்ன தெரியும்? தரைக்கு மேலேயே ஓர் அறைதான் இருந்தது அவர்களுக்கு.

குப்பியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

*

ஞாயிற்றுக்கிழமை காலை. அப்பா கடையின் நடுவில் உட்கார்ந்து காலி பாட்டில்களை வகை பிரித்துக்கொண்டிருந்தார்.

"பாப்பா, இங்க பாரு. உங்க கம்பெனி பாட்டில்." ஒன்றைத் தூக்கிக் காட்டினார். "நிறைஞ்சது உன் கையில, காலியானது என் கையில. நடுவுல எவனோ ஒருத்தன் மட்டும் குடிக்கிறான்."

"அப்பா... நம்ம கடையில என்ன வாசனை வருது?"

"வாசனையா?" மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். "ஒண்ணும் வரலையே. உங்கம்மா அடுப்புல எதையாவது விட்டுட்டாளா?"

அவளும் உறிஞ்சினாள். ஒன்றும் வரவில்லை. குப்பியைத் திறந்து மூக்கில் வைத்தாள். ஒன்றும் இல்லை. பச்சைத் தண்ணீர் மாதிரி இருந்தது.

"என்ன பாப்பா, காலி பாட்டிலையா மோந்து பாக்குற? அது என் வேலையாச்சே."

குப்பியோடு தெருவில் இறங்கினாள். தெரு முனை வரை நடந்தாள். இரண்டு நிமிடம் சும்மா நின்றாள், காற்று முகத்தில் பட. பிறகு திறந்தாள்.

அடித்தது. நனைந்த அட்டை. மழைக்காலத்தில் கூரை ஒழுகும்போது கட்டுகளை நகர்த்துகிற அப்பா, விளக்கைத் தூக்கிப் பிடிக்கிற அம்மா, கட்டு மேல் சம்மணம் போட்டுச் சமன்பாடு போடுகிற இவள்... எல்லாம் அந்தச் சின்னக் குப்பிக்குள் இருந்தது. மறுபடி கடைக்குள் போனாள். காணாமல் போனது. வெளியே வந்தாள். இருந்தது.

உள்ளே இருக்கும்வரை தெரியாது. வெளியே போனால், அம்மாவைக் கண்ட பிள்ளை மாதிரி மூக்கு அதன் பின்னால் போகும். அவ்வளவுதான் விஷயம்.

முதலில் அழுகை வந்தது, பிறகு கோபம் வந்தது. எல்லாருக்கும் குறையாகத் தெரிகிற ஒன்று தனக்கு மட்டும் வீடாகத் தெரிகிறதே என்ற கோபம். அதைவிட, ஒரு சீட்டை ஒழுங்காகப் படிக்காமல் சிவப்புக் குத்தினோமே என்ற கோபம். அவன் ஒன்றுமே செய்யவில்லை. ஒன்பதாம் வகுப்புப் பெண் மேல் இருந்த ஆத்திரத்தை அவன் தலையில் இறக்கியிருக்கிறாள்.

நாளைக்குப் பத்து மணி. வாயைத் திறக்காமல் இருந்தால் 417 பாட்டிலாகும், இவள் வேலை நிரந்தரமாகும். திறந்தால்...

"என்ன பாப்பா, மூஞ்சி இப்படி இருக்கு? நாளைக்குத்தானே கடுதாசி குடுப்பாங்க?"

"குடுப்பாங்களான்னு தெரியலப்பா."

அப்பா கையிலிருந்த பாட்டிலைக் கீழே வைத்தார். ஏன் என்று கேட்கவில்லை. "குடுக்கலைன்னா போறாங்க. தெருவுல நான் பேசிக்கிறேன்" என்றார்.

*

திங்கள் எட்டரை மணி. பீப்பாய்ப் பட்டறை. அவள் அதற்கு முன்னால் அங்கே போனதில்லை. ஒரு பீப்பாயின் உள்பக்கம் தீ எரிந்துகொண்டிருந்தது. அவன் இரும்பு வளையத்தைச் சுத்தியலால் தட்டித் தட்டி இறக்கிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் சுத்தியல் பாதியில் நின்றது.

"நீங்க எழுதினது சரி" என்றாள் எடுத்தவுடனே. சுற்றி வளைக்க அவளுக்கு வராது. "அது நனைஞ்ச அட்டைதான். நான் வளர்ந்த வீடு அது. எங்கப்பா பழைய பேப்பர் கடை வெச்சிருக்காரு. அதான் எனக்குக் குறையாத் தெரியல. நீங்க என்னைத்தான் சொல்றீங்கன்னு நெனச்சு உங்க சீட்டை அடிச்சுட்டேன். மேடம்கிட்ட போய்ச் சொல்லப்போறேன். அதுக்கு முன்னாடி உங்ககிட்ட சொல்லணும்னு வந்தேன்."

சிரிப்பான் என்று காத்திருந்தாள். மூக்கைச் சுளிப்பான், அல்லது பரிதாபப்படுவான். எதற்கும் பதில் தயாராக இருந்தது.

அவன் தீயைக் காட்டினான்.

"இந்தக் கரி வாசனை உங்களுக்கு எப்படி இருக்கு?"

"கண்ணெல்லாம் எரியுது."

"எனக்கு ஒண்ணுமே தெரியல. பதினோரு வருஷம் ஆச்சு. மால்ட்டுல கரி ஏறிப்போய் எல்லாரும் இருமினாக்கூட நான் 'மென்மையா இருக்கு'ம்பேன். மேடம் கண்டுபிடிச்சு, நாலாம் நம்பர் சீட்டுல மட்டும் கரிக்கான கட்டத்தை அச்சடிக்காமலே விட்டுட்டாங்க. நீங்க பாத்ததில்லையா?"

பார்த்திருக்கிறாள். அச்சுப் பிழை என்று நினைத்திருந்தாள். கேட்கவில்லை...

"இன்னொண்ணும் இருக்கு" என்றான், குரல் தாழ்ந்து. "வெள்ளிக்கிழமை சாயங்காலம் நோட்டீஸ் போர்டுல 417-க்கு எந்தப் பீப்பாய்னு போட்டாங்கல்ல, போய்ப் பாத்தேன். மூணு வருஷத்துக்கு முன்னாடி அதுக்கு ரெண்டு பலகை மாத்தினது நான்தான். ஈரத் தரையில கிடந்த பலகை. அவசரத்துல முகர்ந்து பாக்காமப் போட்டிருக்கேன். மூக்குக்காரன்னு பேரு, லட்சணம் பாருங்க."

"அப்போ... நான் அடிச்ச சீட்டு..."

"ஆமா. நீங்க அடிச்சது என் தப்பையே காட்டிக்குடுத்த சீட்டை. ரெண்டு பேரும் வாயை மூடிட்டு இருந்தா எனக்கும் நல்லதுதான்." சுத்தியலை வைத்தான், கையைத் துடைத்துக்கொண்டான். "நானும் பத்து மணிக்கு மேடம்கிட்ட போறதாத்தான் இருந்தேன். சேந்தே போகலாமா? ரெண்டு பேருக்கும் ஒரே திட்டு, அவங்களுக்கு நேரம் மிச்சம்."

அவளுக்கு முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. வந்ததை மறைக்க முடியவில்லை.

மேடம் இருவரையும் உட்காரச் சொல்லவில்லை. முழுக்கக் கேட்டார். நாலாம் நம்பர் சீட்டை வாங்கிச் சிவப்பு முத்திரையை விரலால் தடவிப் பார்த்தார்.

"பட்டியல்ல இல்லாத வார்த்தைன்னா கூப்பிட்டுக் கேக்கலாம்னு விதி இருக்கே. ஏன் கேக்கல?"

"கேட்டா எனக்குத் தெரியலைன்னு ஆயிடும்னு பயம் மேடம்."

"இப்ப என்ன ஆச்சு?"

அவள் தலையைக் குனியவில்லை. "தெரியலைன்னுதான் ஆச்சு. ஆனா மேடம், 'ஈர நிலவறை'ன்னு எழுதி வெச்சா எத்தனை பேருக்குப் புரியும்? நம்ம பேனல்ல யார் வீட்டுல நிலவறை இருக்கு? நனைஞ்ச அட்டைன்னு போட்டிருந்தா எனக்கு முதல் நாளே தெரிஞ்சிருக்கும்."

பக்கத்தில் நின்ற அவன் மெல்ல இருமினான். அது இருமல் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

மேடம் சீட்டை மேஜையில் வைத்தார். பிறகு பேனாவை எடுத்து வரிசையாகச் சொல்லிக்கொண்டே எழுதினார். 417 தேர்விலிருந்து விலக்கல். 231 சிறப்பு பாட்டில். பட்டறைக்காரருக்கு எழுத்தில் எச்சரிக்கை. கெமிஸ்டின் நிரந்தரம் ஆறு மாதம் தள்ளிவைப்பு.

"அந்த ஆறு மாசத்துல இந்தப் பட்டியல் முழுக்கத் திருத்தி எழுதணும், நீதான். ஒவ்வொருத்தரும் எந்த வாசனையில வளர்ந்தாங்கன்னு முதல்ல கேட்டு எழுது. என்கிட்டேருந்து ஆரம்பி. எங்க வீட்டுக்குப் பின்னாடி சாயப் பட்டறை."

*

பட்டியல் வேலை என்ற பெயரில் அவள் பட்டறைக்குத் தினமும் போனாள். கேட்பதற்கு அவ்வளவு இருந்தது. புது மரத்தை எப்படி எழுதுவது? "பள்ளிக்கூடம் திறந்த மொத நாள் பெஞ்சு" என்றான். 608-ஐ? "கல்யாண வீட்டுல தெரியாத அத்தை கன்னத்தைக் கிள்ற மாதிரி." 779? "பொய் சொல்றவன் பேச்சு." அவள் சிரித்துக்கொண்டே எழுதினாள், பாதியைப் பட்டியலில் சேர்க்க முடியாது என்று தெரிந்தே. ஒரு நாள் அவன் கேட்டான், "என்னை எப்படி எழுதுவீங்க?" அவள் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, "இன்னும் தண்ணி விட்டுப் பாக்கலை" என்று சொல்லிவிட்டு ஓடி வந்துவிட்டாள்.

அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. அவன் சொல்லட்டும் என்று இவள், இவள் சொல்லட்டும் என்று அவனோ என்னவோ...

அடுத்த பேனல் நாள் காலையில் மறுபடி மழை. குடை முந்தின நாள் பஸ்ஸிலேயே போய்விட்டது. அப்பா கடையில் தந்த அட்டைதான். வாசலுக்கு ஐம்பது அடி முன்னால், அவன் அவனுடைய குடையோடு நின்றிருந்தான். அவளைப் பார்த்ததும் குடையை மடக்கினான். மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து அவளுடைய அட்டைக்கு அடியில் நுழைந்துகொண்டான்.

"என்ன இது... பேனல் இருக்கே."

"தெரியும்."

"மூக்குல ஏறினா அரை நாளைக்கு இறங்காது, யாரோ சொன்னாங்க."

"சொன்னவன் ஒரு மடையன்."

அட்டை இரண்டு பேருக்குப் போதவில்லை. அவன் வலது தோள் நனைந்தது, அவள் இடது தோள் நனைந்தது. நடுவில் மட்டும் நனையவில்லை.

பத்து மணி. தட்டுகள் போயின. சீட்டுகள் வந்தன. நான்காம் கதவடியில் அந்தக் கை. சாய்ந்த எழுத்து. ஐந்து கிளாஸுக்கும் எதிரே ஒன்றும் எழுதவில்லை, கட்டங்கள் காலி. கீழே குறிப்புகள் என்ற இடத்தில் மட்டும் நாலு வரி.

'இன்னிக்கு என் மூக்கை நம்ப வேண்டாம். காலையிலேருந்து எல்லாத்துலயும் நனைஞ்ச அட்டை வாசனை. குறையாத் தெரியல. வீடு மாதிரி இருக்கு. இது எனக்கு ஆயுசுக்கும் போகாதுன்னு நினைக்கிறேன். உங்களுக்குச் சம்மதமா?'

கட்டம் நிரப்பாத சீட்டு. விதிப்படி சிவப்பு. அவள் கை சிவப்பு முத்திரைக்குப் போனது... நின்றது. புரியாத சீட்டை இனிமேல் கேட்காமல் அடிப்பதில்லை என்று முடிவு செய்திருந்தாளே. ஆனால் இதில் புரியாதது என்ன இருக்கிறது? கண் கலங்கி எழுத்தெல்லாம் நீந்தியது.

நீல முத்திரையை எடுத்தாள். அழுத்திக் குத்தினாள். செல்லும்.

ஒரு சாண் மட்டுமே தூக்க வேண்டிய அந்த மரக்கதவை, வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து முதல் தடவையாக, முழுக்க மேலே தூக்கினாள். அந்தப் பக்கம் தேன் நிறக் கண்கள் இரண்டு திடுக்கிட்டுப் பார்த்தன.

"மேடம் பாத்தா தொலைச்சிடுவாங்க" என்றான் ரகசியக் குரலில்.

"பாக்கட்டும்." சீட்டை அவன் முன்னால் தள்ளினாள். "ஞாயித்துக்கிழமை கடைக்கு வாங்க. எங்கப்பாவைப் பாக்கணும்ல? உள்ள வந்து உக்காந்தா அஞ்சு நிமிஷத்துல எந்த வாசனையும் தெரியாது."

"தெரியாமப் போயிடுச்சுன்னா?"

"அப்போ நீங்களும் எங்க வீட்டு ஆள்னு அர்த்தம்" என்றாள்.